அந்துவான் முசேயும் நான் பார்க்காத மூன்று கூடுகளும்

அந்துவான் முசே காலமான செய்தி வந்தபோது நான் அவரைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தேன். தவளக்குப்பம் சந்திப்பில் டயருக்குக் காற்று நிரப்ப வேனை நிறுத்திவிட்டு, பக்கத்து டீக்கடையில் நாலு பேரை நிற்கவைத்து ஆப்பிரிக்காக் கதை சொல்லிக்கொண்டிருந்தேன். மிடா கழியில் பத்தாயிரம் பறவைகள் ஒரே நேரத்தில் எழும்பி வெயிலை மறைத்த கட்டத்துக்கு வந்திருந்தேன். போன் அடித்தது. முசேயின் மகள் தெரேஸ்.

"முத்து மாமா, அப்பா போயிட்டாரு."

"எங்க?" என்று கேட்டேன்.

அப்படித்தான் கேட்டேன். அழுகைச் சத்தம் கேட்ட பிறகுதான் எனக்குப் புரிந்தது. போனைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். விஷயம் தெரியாத டீக்கடைக்காரர், "அப்புறம் என்னண்ணே ஆச்சு, அந்தக் குருவிக் கூடு?" என்று கேட்டார்.

முப்பதாம் நாள் பூசையன்று கொடுக்கப்போகும் இந்தச் சிறு புத்தகத்துக்கு என்னை எழுதச் சொன்னவள் தெரேஸ்தான். இதைக் கையில் வைத்திருக்கிற உங்களில் பாதிப் பேர் முசேயின் உறவுக்காரர்கள், பங்குக் கோயிலைச் சேர்ந்தவர்கள். மீதிப் பேர் ஞாயிற்றுக்கிழமை காலையில் கழுத்தில் பைனாகுலர் தொங்க ஊசுட்டேரிக் கரையில் நடக்கிறவர்கள். இரண்டு தரப்புக்கும் என்னைத் தெரியும். முசேயை ஏரிக்கு ஏரி கூட்டிக்கொண்டு போன வேன்காரன். எட்டாவது வரை படித்தவன். ஒன்பதாவதையும் முக்கால்வாசி முடித்ததாகச் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். போனது இரண்டு மாதம். நான் பேசினால் எல்லாமே கொஞ்சம் பெரிசாகிவிடும். சாரைப் பாம்பு நல்லபாம்பாகும், தூறல் புயலாகும். நான் வேலை பார்த்த ஆலை மூடின வருடம் முதலாளியே என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை என்றுதான் ஐம்பத்தெட்டு வயது வரை நினைத்திருந்தேன்.

முசே என்றால் நம் ஊர்க்காரர்களுக்கு விளக்கம் தேவையில்லை. வெளியூர் உறவுக்காரர்களுக்குச் சொல்கிறேன். பிரெஞ்சுப் பள்ளியில் படித்துவிட்டு, எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டையின் பொத்தானைக் கழற்றாமல், டீக்கடையில் கிளாஸை வாங்கும்போதுகூட "மெர்சி" சொல்கிற மனிதரைப் புதுச்சேரியில் அப்படித்தான் கூப்பிடுவோம், ஐயா என்பதற்கான பிரெஞ்சுச் சொல் அது. அவர் இளவயதில் ஆப்பிரிக்காவில் மொம்பாசா துறைமுகத்துக்கு டிராஃப்ட்ஸ்மேன் வேலைக்குப் போனார். பதினொரு வருடம் அங்கே இருந்தார். வாரத்தில் ஆறு நாள் கப்பல்துறைக்குப் படம் வரைவார். ஏழாம் நாள் காலைப் பூசை முடிந்ததும் பஸ் பிடித்து வடக்கே போய்விடுவார்.

அவர் சொல்லிச் சொல்லி அந்தக் கடற்கரை எனக்கு நம் கடலூர் சாலை மாதிரி மனப்பாடமாகியிருந்தது. மொம்பாசாவிலிருந்து மாலிந்தி போகிற வழியில் மிடா என்று ஒரு கழி. கடல் உள்ளே புகுந்து அலையாத்திக் காட்டுக்குள் பரந்து கிடக்கும். சாலைக்கு மறுபக்கம் சொக்கோக்கே என்கிற காடு. மாலிந்தியைத் தாண்டினால் சபாக்கி ஆறு கடலில் விழுகிற இடம். மூன்றிலும் அவர் பார்க்காத பறவை இல்லை, ஒன்றைத் தவிர. கிலிஃபி தூக்கணாங்குருவி. அந்த வட்டாரத்தை விட்டால் உலகத்தில் வேறெங்கும் கிடையாது. கூட்டமாக மர உச்சிக்கு வரும், இலைக்குள்ளேயே மேயும், நாம் கழுத்தை நிமிர்த்துவதற்குள் அடுத்த மரத்துக்குப் போய்விடும். பதினொரு வருடத்தில் ஒருமுறைகூட அவர் கண்ணில் அது படவில்லை. "நான் போற ஞாயித்துக்கெழமையாப் பாத்து அது லீவு போட்டுடும் முத்து" என்பார்.

அவருடைய நீள நோட்டை நீங்கள் எல்லாரும் பார்த்திருப்பீர்கள். ஏரிக்கரையில் பென்சிலால் எழுதுவார். வீட்டுக்குப் போய், கை கழுவி, பறவையைப் பார்த்தவரை எதிரில் உட்காரவைத்து, "மசி போடலாமா?" என்று கேட்பார். அவர் தலையாட்டினால்தான் பேனாவைத் திறப்பார். மசி போட்ட வரிக்குப் பக்கத்தில் பார்த்தவர் கையெழுத்துப் போட வேண்டும். முதல்முறை அவரோடு ஊசுட்டேரிக்குப் போன நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. தூரத்தில் கூழைக்கடாக்கள் மிதந்தன.

"எத்தினி இருக்கும் முத்து?"

"ஐந்நூறு இருக்கும் முசே."

எழுதிக்கொண்டார். வீட்டில் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, "மசி போடலாமா?" என்றார்.

"ஒரு முந்நூறு போடுங்க."

"மசி?"

"எண்பதுன்னு வச்சுக்குங்களேன்."

"பறவைய வச்சுக்க முடியாது முத்து. அது ஏரியில இருக்கும், இல்லன்னா இல்ல."

கோபமே இல்லை அவருக்கு. அந்த வரியைப் பென்சிலிலேயே விட்டுவிட்டு, "உன் பறவைங்கல்லாம் பென்சில்லயே பறக்கட்டும், பாவம்" என்று சிரித்தார். ஏழெட்டு வருடம் என் பறவைகள் பென்சிலில்தான் பறந்தன. அதை நானே எல்லாரிடமும் வேடிக்கையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிறகு அவர் கண் கெட ஆரம்பித்தது. நடுப்பார்வை போய்விட்டது, ஓரத்தில் மட்டும் கொஞ்சம் தெரியும் என்றார் மருத்துவர். தட்டில் சோறு தெரியும், நடுவில் வைத்த கறி தெரியாது. எதிரில் வருகிறவரைக் குரலை வைத்துத்தான் கண்டுபிடிப்பார். அப்போதுதான் தெரேஸ் என்னை உழவர்கரை வீட்டுக்குக் கூப்பிட்டாள்.

"மாமா, அப்பா ஒரு தடவ அந்தப் பக்கம் போயிட்டு வந்துடணும்னு சொல்றாரு. இருக்கற பார்வையும் போறதுக்குள்ள. நான் ஸ்கூல விட்டுட்டு வர முடியாது. நீங்க கூடப் போறீங்களா? அப்பாக்குக் கண்ணா இருக்கணும், அவ்ளோதான்."

அவ்வளவுதான். அதைவிடப் பெரிய வேலையை யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. நான் பாஸ்போர்ட் எடுத்தேன். தெருவில் கேட்டவர்களிடமெல்லாம் ஆப்பிரிக்க அரசாங்கமே என்னை அழைத்திருப்பதாகச் சொன்னேன்.

மொம்பாசாவில் எங்களைக் கூட்டிப்போக வந்தவர் சுலைமான். மிடா கழியோரத்துக்காரர், நாற்பது வயதிருக்கும். அவருடைய தகப்பனார்தான் அந்தக் காலத்தில் முசேக்குக் காட்டில் வழி காட்டியவர். முசேயைப் பார்த்ததும் இரண்டு கையையும் நீட்டி "ம்ஸே!" என்றார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"பாத்தீங்களா முசே! இத்தினி வருஷம் ஆகியும் இங்க உங்க பேரு மறக்கல!"

முசே பெட்டியின் மேலேயே உட்கார்ந்து சிரித்தார். "டேய், அவங்க பாஷையில பெரியவருன்னு அர்த்தம்டா அது. உன்னையும் இன்னும் பத்து வருஷத்துல அப்பிடித்தான் கூப்புடுவாங்க."

ஊருக்கு வந்து இதையும் நான் மாற்றிச் சொன்னேன். ஆப்பிரிக்கா முழுக்க நம் புதுச்சேரி பிரெஞ்சுதான் பேசுகிறார்கள் என்றேன். கேட்டவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்த முகங்களைப் பார்த்தால் எனக்கு நிறுத்த வராது.

ஆனால் மிடாவில் நான் பொய் சொல்லவில்லை. அதை இங்கே எழுதியாக வேண்டும், ஏனென்றால் பின்னால் நடந்ததற்கு அதுதான் காரணம். அலையாத்தி மரங்களுக்கு நடுவே கயிற்றில் தொங்குகிற பலகைப் பாலம் ஒன்று உண்டு. சாயங்காலம், கடல் ஏறிக்கொண்டிருந்தது. முசே கயிற்றைப் பிடித்துக்கொண்டு, "துஸ்மான், துஸ்மான்" என்று தனக்குத் தானே சொல்லியபடி, அடிமேல் அடி வைத்து நுனிவரை வந்தார். பிரெஞ்சில் மெதுவாக என்று அர்த்தம். திடீரென்று நின்று, கையைத் தூக்கி என்னைப் பேசாமல் இருக்கச் சொன்னார். குரைப்பது மாதிரி ஒரு சத்தம் வந்தது.

"நண்டுதின்னி. எடது பக்கம் மணல்திட்டுல. எண்ணு முத்து."

எண்ணினேன். கறுப்பும் வெள்ளையுமாக, தடித்த கறுப்பு மூக்கோடு, கால் நனைய ஒரே பக்கம் பார்த்து நின்றன. ஒருமுறை எண்ணி, சந்தேகப்பட்டு மறுமுறையும் எண்ணினேன். ஏன் என்று தெரியாது. அந்த இடத்தில் என் சத்தத்துக்கு வேலை இல்லாத மாதிரி இருந்தது.

"முப்பத்து நாலு முசே."

விடுதிக்கு வந்து, "மசி போடலாமா?" என்றார். "போடலாம்" என்றேன். அவர் பேனாவைத் திறக்காமல் கொஞ்ச நேரம் என் குரல் வந்த பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எழுதி, நோட்டை என் பக்கம் தள்ளினார். என் பெயரை முழுக்க எழுதினேன், முத்துக்குமாரசாமி என்று. என் முதல் மசி அது. டீக்கடையில் பத்தாயிரமாக ஆனது அந்த முப்பத்து நாலுதான்.

அடுத்த நாள் சபாக்கி முகத்துவாரம். நம் சுண்ணாம்பாறு கடலில் சேரும் இடத்தைச் செம்மண் கரைத்துப் பத்து மடங்கு ஆக்கினால் அது. பத்து மடங்கு என்பதில் எனக்குச் சந்தேகம் இருக்கிறது, மூன்று மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். பூநாரைகள் இளஞ்சிவப்புக் கோடாக நின்றன. நான் நிறத்தைச் சொல்ல, அவர் பெயரைச் சொல்ல, சுலைமான் தலையாட்ட, அந்த ஒரு நாள் எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு நல்ல ஜோடிக் கண் இருந்தது. அன்றைக்கும் எல்லா வரிக்கும் மசி விழுந்தது. "உன்ன இத்தினி நாளா நான் தப்பா எடை போட்டுட்டேன் முத்து" என்றார். மனிதர் என்னிடம் மன்னிப்புக் கேட்கிறார்! அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை என்று எழுத ஆசையாக இருக்கிறது. இரண்டு தட்டு சாப்பிட்டேன்.

பிறகு காடு. ஐந்து நாள் காலையில் போனோம். நான்கு நாள் ஒன்றுமில்லை. ஐந்தாவது நாள்தான் கடைசி, மறுநாள் விமானம். மணல் பாதையில் நடந்துகொண்டிருந்தபோது சுலைமான் காதைத் தீட்டி, முன்னால் ஒரு கூட்டம் போகிறது, நான் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று சைகை காட்டிவிட்டு வேகமாகப் போனார். முசேயும் நானும் தனியாக நின்றோம். அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தார். தலைக்கு மேல் ஏதோ கீச்சிட்டது.

"முத்து, கேக்குதா?"

"கேக்குது முசே."

"உச்சியில பாரு. என்ன தெரியுது?"

இலை தெரிந்தது. இலைக்குப் பின்னால் வெயில் தெரிந்தது. இரண்டு மூன்று நிழல்கள் தாவின. குருவியோ சருகோ, என்னால் சொல்ல முடியவில்லை. அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

"முத்து?"

"தெரியுது முசே! கறுப்புத் தலை. நெஞ்சும் கறுப்பு. வயிறு மஞ்சள்! ஏழு... எட்டு இருக்கு!"

முந்தின நாள் மாலை படப் புத்தகத்தில் பார்த்ததை ஒப்பித்தேன். அவர் விரல்கள் என் தோளில் பதிந்தன. பிரெஞ்சில் "வொலா!" என்றார், அதோ என்கிற மாதிரி. அது கத்தல் இல்லை, மூச்சு. பிறகு, "இன்னும் சொல்லு" என்றார்.

என் வாழ்நாளில் எல்லாரும் என்னிடம் போதும் நிறுத்து என்றுதான் சொல்லியிருக்கிறார்கள். இன்னும் சொல்லு என்று கேட்டவர் அவர் ஒருவர்தான்.

"கூடு கூட இருக்கு முசே. மூணு. கொழா மாதிரி வாய் கீழ தொங்குது. காத்துல ஆடுது."

சின்ன வயதில் பாகூர் வயல்வெளியில் பனைமரத்தில் பார்த்த தூக்கணாங்குருவிக் கூட்டைக் கழற்றி எடுத்துப்போய் அந்த ஆப்பிரிக்க மரத்தில் மாட்டினேன். தூக்கணாங்குருவி என்றால் கூடு தொங்கும், வேறென்ன செய்யும் என்பதுதான் எனக்குத் தெரிந்தது.

சுலைமான் திரும்பி வந்தார். கூட்டம் கிழக்கே போய்விட்டது என்று கையை விரித்தார். முசே அவர் மொழியில் படபடவென்று ஏதோ சொல்லி, மேலே காட்டினார். சுலைமான் பைனாகுலரை எடுத்து ஒவ்வொரு கிளையாகப் பார்த்தார். கீழே இறக்கி என்னைப் பார்த்தார். "ஹபானா, ம்ஸே" என்றார். இல்லை என்று அர்த்தம். அந்த ஒரு வார்த்தை எனக்கும் தெரியும். முசே குரலை உயர்த்தாமல் ஒரு வாக்கியம் சொன்னார். சுலைமான் தலை குனிந்துகொண்டார்.

"என்ன சொன்னீங்க முசே?"

"முத்து பாத்தான்னா பாத்ததுதான்னு சொன்னேன்."

அவர் மேல் உள்ள அன்பால் சொன்ன பொய் என்று பின்னால் எனக்கே பலமுறை சொல்லிக்கொண்டேன். பாதி அதுதான். மறுபாதியை இங்கே எழுதுகிறேன். பதினொரு வருடம் அவர் தேடிக் கிடைக்காததை நான் ஐந்து நாளில் பார்த்துவிட்டேன் என்கிற பெருமை எனக்கு வேண்டியிருந்தது. பார்க்காமலே பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் விடுதி வராந்தாவில் பேனாவை எடுத்துவைத்தார். "மசி போடலாமா?" என்று கேட்டார். வழக்கம்போல ஐந்நூறை எண்பதாக்கியிருக்கலாம். கூடு மட்டும் வேண்டாம் என்றாவது சொல்லியிருக்கலாம். "தாராளமா" என்றேன். நடுப்பார்வை இல்லாததால் வரி கோணலாக ஓடியது. பெரிய பெரிய எழுத்தில் பக்கம் முழுவதையும் அந்த ஒரு குருவிக்கே கொடுத்தார். கையெழுத்துப் போட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது ஞாயிற்றுக்கிழமைக் குழுவினருக்குத் தெரியும், உறவினர்களுக்குத் தெரியாது. லாஸ்பேட்டையில், கல்லூரியில் விலங்கியல் சொல்லித்தரும் கல்பனா மேடத்தின் வகுப்பறையில் எல்லாரும் கூடினோம். முசே ஒரு மணி நேரம் அந்தக் கடற்கரையைப் பற்றிப் பேசினார். அவ்வளவு அழகாக அவர் பேசி நான் கேட்டதில்லை. கடைசியில் கூட்டைப் பற்றிச் சொன்னார். கல்பனா மேடம் தயங்கித் தயங்கித்தான் கேட்டார்.

"முத்துண்ணா, நீங்க சொல்றது நம்ம பனைமரக் கூடு மாதிரி இருக்கு. அந்தக் குருவி அந்தக் காட்டுல கூடு கட்டாதாமே. தள்ளிப் போயி, சதுப்புல கோரைக்குள்ளதான் கட்டுதாம்."

முப்பது பேர் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"புஸ்தகத்துல ஆயிரம் இருக்கும் மேடம். நான் கண்ணால பாத்தேன். குஞ்சு வாயத் தொறந்தத கூடப் பாத்தேன். செக்கச் செவேல்னு!"

பின்வரிசையிலிருந்து ஒருவர், "அண்ணன் கூட்டுக்குள்ள போயி ஒரு டீ குடிச்சுட்டு வந்திருப்பாரு" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். என்னைப் பார்த்து ஊரே சிரிப்பதுதான், எனக்குப் பழக்கம். நானும் சேர்ந்து சிரித்தேன். முசே சிரிக்கவில்லை. எழுந்து, மேசையைத் தடவி நோட்டை எடுத்துக்கொண்டார்.

"எனக்குத்தான் கண்ணு போச்சு. இவனுக்குப் போகல. முத்து, வண்டிய எடு."

விமான நிலையச் சாலை வரைக்கும் நோட்டை மடியில் வைத்துப் பிடித்திருந்தார். பிறகு, "ஒன்னப் பொய்யன்னு சொல்ற எடத்துல எனக்கு என்ன வேலை?" என்றார். அதோடு சரி. குழுவுக்கு அவர் போகவே இல்லை. கல்பனா மேடம் இரண்டு முறை வீட்டுக்கு வந்து கூப்பிட்டார். முசே காபி கொடுத்து, வானிலையைப் பற்றிப் பேசி அனுப்பினார். முசேக்குத் தலைக்கனம், வெளிநாடு போய்வந்ததும் நாம் கண்ணுக்குத் தெரியவில்லை என்று உங்களில் சிலர் பேசினீர்கள். என் காதிலும் விழுந்தது. அப்போதும் நான் வாயைத் திறக்கவில்லை. அவருக்குத் தலைக்கனம் கிடையாது. பதினெட்டு வருடமாகத் தன்னோடு நடந்த உங்களை அவர் விட்டது எனக்காக. அதற்குப் பிறகு அவர் இருந்த மூன்று வருடமும் ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் ஏரிக்குப் போனோம். எதிர்க்கரையில் நீங்கள் நடப்பது எனக்குத் தெரியும். "யாரு முத்து அங்க, பேச்சுக் குரல் கேக்குதே?" என்பார். "மாடு மேய்க்கறவங்க முசே" என்பேன்.

ஒருநாள் பாகூர்ப் பக்கம் போயிருந்தோம். பனைமரத்தடியில் காற்றில் விழுந்த தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று கிடந்தது. எடுத்து அவர் கையில் கொடுத்தேன். கொடுத்த பிறகுதான் என்ன செய்துவிட்டேன் என்று உறைத்தது. அவர் வேன் படியில் உட்கார்ந்து, அதை மடியில் வைத்து, குழாயில் விரலை விட்டு, நார் நாராகத் தடவிக்கொண்டிருந்தார்.

"அங்க பாத்தது இதே மாதிரியா முத்து?"

இதைவிட நல்ல சமயம் எனக்கு வந்திருக்காது. சுற்றிலும் ஆள் இல்லை. சொன்னால் திட்டுவார், இரண்டு வாரம் பேசமாட்டார், பிறகு குழுவுக்குத் திரும்பிப் போய்விடுவார்.

"இதவிடப் பெருசு முசே" என்றேன்.

"அப்பிடியா!" என்றார். அந்தக் கூட்டை அவர் வீட்டுக்குக் கொண்டுபோனார்.

அடக்கம் முடிந்து ஒன்பதாம் நாள் தெரேஸ் என்னைக் கூப்பிட்டாள். பூசைக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் நினைவு அட்டை அச்சுக்குப் போகத் தயாராக இருந்தது. முசேயின் படம், பக்கத்தில் கறுப்புத் தலையோடு ஒரு குருவிப் படம். கீழே, "பதினொரு ஆண்டுகள் தேடியதைக் கடைசியில் கண்டடைந்தவர்" என்று ஒரு வரி.

"நேர்ல இருந்தவர் நீங்க ஒருத்தர்தான் மாமா. அந்தக் காலைய நீங்கதான் எழுதணும்."

எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். எழுதவும் செய்தேன், நான்கு பக்கம். கூடு ஐந்தாகியிருந்தது. படித்துப் பார்த்தேன். அந்த அட்டையை ஒவ்வொருவரும் ஜெபப் புத்தகத்துக்குள் வைத்துக்கொள்வார்கள், கல்பனா மேடமும் ஒன்று வாங்கிப் பார்ப்பார், செத்த பிறகும் அவரை என் பொய்க்கு நான் ஜாமீன் நிறுத்துகிறேன் என்று தோன்றியது. கிழித்துப் போட்டுவிட்டு மறுநாள் காலையில் போனேன். அவள் சமையலறையில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"தெரேஸ், நான் பாக்கல."

"எத மாமா?"

"குருவிய. கூட்ட. ஒண்ணையும்."

கத்தி நின்றது. என் முகத்தைப் பார்த்தாள். நான் விளையாடுகிறேனா என்று பார்த்திருப்பாள்.

"ஆஸ்பத்திரியில அப்பா நர்சுக்கிட்ட சொன்னாரு, தெரியுமா ஒங்களுக்கு? ஊசி போட வந்த பொண்ண நிக்க வச்சு, கைய இப்பிடி வளச்சு, வாய் கீழ தொங்கும்மா, மூணு இருந்துதுன்னு சொன்னாரு."

"தெரியாது."

"தெரிஞ்சுக்குங்க."

குக்கர் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

"கல்பனா மேடம் சாவுக்கு மாலை எடுத்துக்கிட்டு வந்தாங்க. நான் மொகம் குடுத்துப் பேசல. எங்கப்பாவ அசிங்கப்படுத்தினவங்கன்னு நெனச்சேன். அவங்க வாசல்லயே நின்னு அழுதுட்டுப் போனாங்க." கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "ஏன் மாமா இத இப்ப எங்கிட்ட சொல்றீங்க? அவர்கிட்ட இல்ல சொல்லியிருக்கணும்?"

"ஆமா" என்றேன்.

அவள் அட்டையை எடுத்து, அந்த வரியைப் பேனாவால் அடித்தாள். குருவிப் படத்தையும் அடித்தாள். "பேரு, பொறந்த நாளு, எறந்த நாளு. அது போதும்." பிறகு கதவு வரைக்கும் வந்து சொன்னாள்: "எங்கிட்ட சொன்னத அப்பிடியே எழுதுங்க. அதயும் பெருசாக்கிடாதீங்க."

அதன்படிதான் எழுதியிருக்கிறேன். கல்பனா மேடத்தின் வீட்டுக்கும் போய்வந்தேன். அவர் என்னைத் திட்டவில்லை. சுலைமானின் எண்ணைக் கண்டுபிடித்து எனக்காகச் செய்தி அனுப்பினார், ம்ஸே இறந்துவிட்டார், முத்து அன்று எதையும் பார்க்கவில்லை என்று. மறுநாள் பதில் வந்தது: "போலே". துக்கம் கேட்கும்போது அங்கே சொல்கிற சொல்லாம். தவறு செய்தவனைப் பார்த்து, சரி போ என்பதற்கும் அதையே சொல்வார்களா என்று கேட்கலாமா என்று நினைத்தேன். கேட்கவில்லை.

குழு நண்பர்களே, நீங்கள் அவரைப் பற்றிப் பேசியதையெல்லாம் என் பேருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். உறவுக்காரர்களே, அவருடைய நோட்டில் மற்ற எல்லா வரியும் சத்தியம். அந்த ஒரு பக்கத்தை மட்டும் நம்பாதீர்கள்.

அவரிடமிருந்து எனக்கு என்ன மிச்சம் என்று யோசித்துப் பார்த்தேன். பைனாகுலரைக் கொடுப்பதாகத் தெரேஸ் முன்பு சொல்லியிருந்தாள். இப்போது அந்தப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் ஒன்று இருக்கிறது. அன்று காட்டில் நான் மரத்தைப் பார்த்தது ஒரு நொடிதான். பொய் சொல்லிக்கொண்டிருந்த நேரம் முழுக்க அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அண்ணாந்திருந்தார். கண்ணாடியில் இலை நிழல் ஆடியது. வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுபத்தாறு வயதில், நடுவில் ஒன்றும் தெரியாத அந்தக் கண்ணைக் கொஞ்சமும் இமைக்காமல், நான் சொல்லச் சொல்ல ஒவ்வொரு கிளையாக மேலே ஏறிப் போனார். அதில் நான் எதையும் கூட்டவில்லை. அதை நான் பார்த்தேன்.